பிறந்த திகதி

எனது உத்தியோகம் யாதென்று எவரேனும் வினவினால், "ஏஜென்சியில் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவது என் வழக்கம்.

தம்பலகாமத்தில் பிறந்தவனுக்கு வயலே இயற்கையான தொழில். கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்காலில் வந்தால் வயிற்றுக்குக் கவலையில்லை. ஆனால், என் தகப்பனாரின் காணி நான்கு பிள்ளைகளுக்குப் பங்கிடப் போதாது. ஆகவே 2003ஆம் ஆண்டில், திருகோணமலைப் பட்டணத்தில், வெளிநாடுகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கந்தோரில் லிகிதராகச் சேர்ந்தேன்.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றி இத்தொழிலை நடத்தலாகாது. எங்கள் சுவரில் அப்பத்திரம் கண்ணாடிச் சட்டத்துள் தொங்கியது. சவூதியிலோ குவைத்திலோ உள்ள முகவர் வீட்டுப் பணிப்பெண் வேண்டுமென்று எழுதுவார். கிராமங்களில் திரியும் உப முகவர் ஒருத்தியை அழைத்துவருவார். பின்பு புகைப்படம், வைத்தியப் பரிசோதனை, பயிற்சி, விசா, வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு, கடைசியில் கட்டுநாயக்கா. அவள் போய்ச் சேர்ந்தால் தலைக்கு இவ்வளவென்று பணம் வரும். மூன்று மாதத்துள் திரும்பிவிட்டாலோ, கந்தோர் தன் செலவில் வேறொருத்தியை அனுப்பவேண்டும். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிக்கும் தலைக்காசு இருந்ததென்று தகப்பனார் குத்திக்காட்டுவார். எனக்குக் கோபம் வரும், மறுமொழி வராது.

2004இல் எங்களூர் மாமி ஒருவர் மகளுடன் வந்தார். பிள்ளைக்குப் பதினேழு வயது.

"மருமகன், மூத்தவளின்ர சீதனக் கடன் வட்டியோட நிக்குது. இவளை எப்படியாவது அனுப்பிவிடுங்கோ."

"வயது காணாது, மாமி."

அருகிலிருந்த உப முகவர் சிரித்தார். ஒரு கிழமை கழித்து, அப்பெண்ணுக்கு 24 வயதென்று கூறும் பிறப்புப் பத்திரம் என் மேசைக்கு வந்தது. அது பொய்யென்று அறிந்தவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் அந்த ஆண்டையே படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன். சம்பளத் திகதி நெருங்கியிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை.

அவள் போனாள், கடனும் தீர்ந்தது. ஊரில் எனக்கு நற்பெயர்!

2013 ஜனவரி 9ஆம் திகதி, மூதூர் றிசானா நபீக்கின் தலை சவூதியில் துண்டிக்கப்பட்டது. மூதூர் எங்களுக்குத் தூரதேசமன்று, கொட்டியாரக்குடாவின் மறுகரை. 2005இல் அவள் போனபோது வயது 17, கடவுச்சீட்டிலோ 23. போன சில வாரங்களில் அவள் பராமரிப்பிலிருந்த சிசு இறந்தது. பாலூட்டும்போது புரைக்கேறியதென்று அவள் தரப்பிலே சொல்லப்பட்டது. கொலையென்று தீர்த்தார்கள். அவளை அனுப்பியது எங்கள் கந்தோரன்று. இருந்தும், அன்று பத்திரிகையில் அந்த 17ஐயும் 23ஐயும் பார்த்தபின் சோற்றில் கைவைக்க முடியவில்லை.

அவ்வாண்டே, சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணுக்குக் குறைந்த வயது 25 என்று விதித்தார்கள்.

மறுவருடம் மாமியும் மகளும் மீண்டும் வந்தார்கள். அவள் இரண்டு வருட ஒப்பந்தம் முடித்துத் திரும்பி, மணமுடித்து, இப்போது கணவனின் கடனுக்காகப் போக வேண்டியிருந்தது. உண்மை வயது 27, அதுவே போதும். ஆனால் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, விவாகப் பதிவு அனைத்திலும் அவளுக்கு 34.

"எந்தத் திகதியை எழுதப்போறீங்கள், அத்தான்?" என்று கேட்டாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அறியத்தான் கேட்டாள்.

நான் மாமியைப் பார்த்தேன். "பிள்ளை எப்போது பிறந்தது, மாமி?"

"கோணேசர் கோயில் கொடியேற்றத்தண்டு," என்றார் அவர். "பறைமேளம் கேட்டுக்கொண்டிருக்கப் பிறந்தவள்."

படிவத்தில் அதற்கு இடமில்லை. நான் பேனாவை மூடிவைத்து, மூவருக்கும் தேநீர் கொண்டுவரச் சொன்னேன்.