சிங்கப்பூர் மடல்: வீட்டுப் பேச்சும் முதல் வகுப்பும்

பாஞ்சாலங்குறிச்சியிலும் ஒட்டப்பிடாரம் வட்டாரத்திலும் வாழும் இராஜகம்பளத்து நாயக்கர் குடும்பங்கள் பல, வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசி வருவதால், அக்குடும்பத்துக் குழந்தை முதல் வகுப்பில் அடியெடுத்து வைக்கும்போது, தான் பேசிப் பழகிய மொழி ஒன்றாகவும், பாடங்கள் கற்பிக்கப்படும் பயிற்றுமொழி வேறொன்றாகவும் இருக்கக் காண்கிறது. கட்டபொம்மனின் குலம் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் இத்தெலுங்கு, எழுதப் படிக்கக் கற்பிக்கப்படாமல் நாவிலேயே வாழ்வது.

1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் இந்திய அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. எனினும், ஊரில் தமிழோடு ஒன்றிவிட்ட இக்குழந்தைகளுக்கு ஆந்திரத்து எழுத்துநடையில் அமைந்த தெலுங்குவழிப் பள்ளி பொருந்தாது. தமிழ்வழிப் பள்ளிக்குள்ளேயே வீட்டுப் பேச்சுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதே இம்மடலின் கருத்து.

அதற்கான வாய்ப்பு கண்ணெதிரே உள்ளது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், முதல் மூன்று வகுப்பு மாணவர்கள் அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுக்கப்பட்டுப் பாடலும் கதையும் விளையாட்டுமாகக் கற்கின்றனர். படத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று ஆசிரியர் கேட்கையில், வீட்டில் வழங்கும் பெயரைச் சொல்லும் குழந்தையைத் தடுக்காமல், அதை ஏற்று, உடனே தமிழ்ப் பெயரையும் சொல்லித் தந்தால், அக்குழந்தை வாயடைத்துப் போகாது. விடை அறிந்திருந்தும் தமிழில் சொல்ல வராத பிள்ளையை, விடையே அறியாத பிள்ளையாகக் கணித்து அரும்பில் நிறுத்திவிடுவது பெருந்தவறு.

வீட்டுப் பேச்சை வகுப்பறைக்குள் ஏற்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. இங்கு 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியாக இருக்க, தமிழ் தாய்மொழிப் பாடமாக மட்டும் நிற்கிறது. தமிழ் வீட்டிலும் அருகிவருவதை உணர்ந்து, 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, எழுத்துத் தமிழோடு பேச்சுத்தமிழுக்கும் வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. பேச்சு வழக்கைக் கொச்சை என ஒதுக்கிய பழைய மனப்பான்மையிலிருந்து விலகிய துணிவான முடிவு அது.

பாஞ்சாலங்குறிச்சிக்கு வேண்டுவது இதனினும் எளிது: அவ்வட்டாரத் தெலுங்கில் அன்றாடம் புழங்கும் சொற்களையும் அவற்றுக்கு நேரான தமிழையும் தமிழ் எழுத்திலேயே தொகுத்த சிறு கையேடு ஒன்றை, ஊர்ப் பெரியவர்களின் துணையோடு, மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் உருவாக்கி, முதல் வகுப்பு ஆசிரியர்களிடம் அளிக்க வேண்டும்.