ஒரு கூரையும் பல குடிகளும்

பலர் கூடிப் பயன்படுத்தும் பொருளொன்றில் மாற்றஞ் செய்யும் உரிமை யாருக்குரியது என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. முகிற் கணிமை வழியாக வழங்கப்படும் மென்பொருள்கள் இப்பழைய வினாவை இன்று புதுவடிவில் எழுப்பியுள்ளன.

முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிப்பிரதி ஒன்றை வைத்திருந்தது; புதிய பதிப்பு வேண்டாவெனின் பழையதையே பேணிற்று. 1999இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கப்பெற்ற சேல்ஸ்போர்ஸ் போன்ற நிறுவனங்கள் இம்முறையை மாற்றின. அங்கு வாடிக்கையாளர் அனைவர்க்கும் செய்நிரல் ஒன்றே. தரவு அட்டவணைகளும் பொதுவானவையே. ஒவ்வொரு நிரையிலும் பொறிக்கப்பட்ட அடையாளமே அஃது இன்னாருடையது எனப் பிரித்துக் காட்டும். ஒருவர் வேண்டும் புதிய படிவமோ விதியோ பொதுச் செய்நிரலில் எழுதப்படுவதில்லை. அவருக்குரிய விவரணமாகத் தனியே பதியப்பட்டு, வேண்டும் வேளையில் வாசிக்கப்படுகின்றது. ஆகவே, ஆண்டுக்கு மும்முறை புதிய பதிப்பு வரினும் அவரவர் ஒழுங்குகள் பெரிதுங் குலையாதிருக்கின்றன.

இதன் பயன் சிறிதன்று. பெருநிறுவனம் கையாளும் கருவியைச் சிறு வணிகரும் மாதக் கட்டணத்திற் பெறலாம். ஆயினும், வேற்றுமை பெருகுமிடத்து இடர்ப்பாடும் பெருகும். ஏற்கவும் விடவும் தக்க, ஒன்றையொன்று சாராத பத்துக் கூறுகள் இருப்பின் 1,024 வடிவங்கள் தோன்றும், இருபதாயின் 1,048,576. இவற்றை ஒவ்வொன்றாய்ச் சோதித்தல் எவர்க்கும் இயலாது. இதனாலன்றோ டேவிட் பார்னாஸ், 1976இல் செய்நிரற் குடும்பங்கள் பற்றி எழுதியவிடத்து, பொதுப்பண்புகளை முதலில் ஆராய்ந்து பின்னரே வேறுபாடுகளை நோக்குமாறு வற்புறுத்தினார்!

ஒழுங்கு தளரின் நேர்வது யாதென்பதை 2019 மே 17ஆம் நாள் காட்டிற்று. சேல்ஸ்போர்ஸ் செலுத்திய தரவுத்தளக் கட்டளைத்தொடர் ஒன்று, சில வாடிக்கையாளர் நிறுவனங்களின் பணியாளர்க்கு உரியதினும் மிகுந்த அணுகலுரிமையை அளித்துவிட்டது. அதனைத் தடுக்கச் சேவையை நிறுத்தியபோது, அத்தவறு தீண்டாத நிறுவனங்களும் வேலையின்றிக் காத்திருந்தன. பங்குக் கிணற்றை ஒருவர் கலக்கினால் பங்காளர் அனைவர்க்கும் கலங்கல் நீரே.

மாற்றத்தை முதலிற் சிலரிடத்துச் செலுத்திப் பார்த்துப் பின் பரப்புதலும், பிழைப்பின் முன்னைய நிலைக்கு மீளும் வழி வைத்திருத்தலும் பொறியியலார் கண்ட பரிகாரங்கள். அவை வேண்டியவையே, ஆனாற் போதியவையல்ல. மாதக் கணக்கு முடிக்கும் நாளில் திரை மாறியிருக்கக் கண்டு திகைக்கும் எழுதுவினைஞரை எவரும் கலந்தாலோசித்ததில்லை. பழைய பதிப்போடு நின்றுவிடும் உரிமையை அவரது நிறுவனம் மலிவின்பொருட்டு விட்டுக்கொடுத்துவிட்டது. அதற்கீடாக அவர்க்கு உரியன மூன்று: மாற்றம் வருமுன் தெளிவான அறிவித்தல், பழகிக்கொள்ளப் போதிய அவகாசம், விலக விரும்பின் தம் தரவை முழுமையாய் எடுத்துச்செல்லும் வழி. இம்மூன்றும் இல்லாதவிடத்து, பகிர்வு என்பது பெயரளவிற் பகிர்வேயன்றி மற்றன்று.