எங்கள் புன்செய்க் கரும்பாறை

திண்டிவனத்தை யடுத்த எங்கள் புன்செயிற் கரும்பாறையொன்று, பிற பாறைகளை ஊடறுத்து நெடுஞ்சுவர்போற் செல்கின்றது. விலையுயர்ந்த கருங்கல்லெனக் கேட்டு, நிலத்தை ஈடுவைத்துக் கல்வெட்டத் தொடங்க என் தந்தையார் துணிந்தார். யான் ஒரு துண்டைப் புதிதாய் உடைத்து நோக்கினேன். சிறுமணிகள் செறிந்திருந்தன, கத்தி கீறவில்லை, அமிலம் நுரைக்கவில்லை. வெளியே 900 கிராம் நின்ற கல், நீருள் 600 கிராமே நின்றது; எனவே ஒப்படர்த்தி 3. கிரானைட்டுக்கோ ஏறத்தாழ 2.7 தான். ஆகவே இது டாலரைட்டென மகிழ்ந்தேன். (தமிழ் மாணவனுக்குத் தராசு எதற்கென நண்பர் நகைத்தனர், அது நிற்க.)

ஆயின், சாணுக்கொரு வெடிப்பு! கிணற்றிலிறங்கிப் பார்த்தேன், ஆழத்திலும் அவை மறையவில்லை. மெருகிடுதற்குப் பிளவற்ற பெருங்கட்டிகள் வேண்டுமன்றோ? இது சாலைச் சல்லிக்கே ஆகும். தந்தையார் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர் ஈட்டுப் பத்திரத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார்.