பாண்டு பேப்பரும் உப்பு லாரியும்

பொட்டி தட்டுற வேலையில இருக்குற யாருகிட்டயாவது "பாண்டு"ன்னு சொல்லிப் பாருங்க. ஜேம்ஸ் பாண்டு ஞாபகத்துக்கு வரவே மாட்டார். வேலையில சேர்ந்த அன்னிக்கு பக்கம் பக்கமா கையெழுத்துப் போட்ட ஸ்டாம்ப் பேப்பர்தான் வரும். எனக்கும் ஒண்ணு இருந்துச்சு. "உனக்கு மூணு மாசம் டிரெயினிங் குடுக்குறோம். ரெண்டு வருஷத்துக்குள்ள ஓடினா ஒரு லட்சம் எடுத்து வை." சூரிட்டிக்கு அப்பா கையெழுத்து வேற. அவரு வாழ்க்கையில பேங்க் லோனுக்கு அப்புறம் பயந்துகிட்டே கையெழுத்துப் போட்டது அதுக்குத்தான்.

அந்த மூணு மாசத்துல என்ன சொல்லிக் குடுத்தாங்கன்னா, காலேஜ்ல ரெண்டாம் வருஷம் படிச்ச ஜாவாவை மறுபடியும் ஒருக்கா. அப்புறம் மெயில்ல யாரை சிசியில போடணும், யாரைப் போடக்கூடாது. (இது மட்டும் இன்னிக்கு வரைக்கும் உபயோகமா இருக்கு :-)) நிஜமான வேலையைக் கத்துக் குடுத்தது பக்கத்து சீட்டு சீனியர். ராத்திரி பதினோரு மணிக்கு புரொடக்‌ஷன் படுத்துக்கிட்டா எந்த லாக்கை முதல்ல திறக்கணும், டேமேஜர் கத்தும்போது எதுக்கு பதில் சொல்லணும், எதுக்கு சும்மா இருக்கணும்னு. அந்த மனுஷன் பேரு எந்த ஒப்பந்தத்துலயும் கிடையாது. ஆறு மாசத்துல அவரே பேப்பர் போட்டுட்டுப் போயிட்டாரு. அதாவது கத்துக் குடுத்தது ஒருத்தர், அதுக்கு பில் போட்டது இன்னொருத்தர். பாண்டு முடிஞ்ச மறுவாரம் நானும் கெளம்பிட்டேன். ராத்திரி நல்லா தூக்கம் வந்துச்சு.

இந்தப் பழைய கதை இப்ப எதுக்குன்னா, இந்த சித்திரையில ஊருக்குப் போனப்ப சித்தி பையன் அதே கேள்வியைக் கேட்டான். ஆனா அவனுக்கு பாண்டு இல்ல. லாரி.

ஈ.சி.ஆர்.ல வீக்எண்ட் பாண்டிச்சேரி போறவங்க எல்லாரும் எங்க ஊரைப் பார்த்திருப்பீங்க, ஆனா இறங்கியிருக்க மாட்டீங்க. பாண்டிக்கு முப்பது முப்பத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கும்போது ரோட்டோரமா கட்டம் கட்டமா தண்ணி, நடுவுல வெள்ளைக் குவியல், மேல கீத்து மூடியிருக்கும். அதான் மரக்காணம். ஆந்திராவுலேர்ந்து கடலோரமாவே வர்ற பக்கிங்காம் கால்வாய் வந்து முடியுற இடம். ஒரு காலத்துல எங்க உப்பு அந்தக் கால்வாயிலதான் படகுல மெட்ராஸுக்குப் போச்சு. இப்ப முழுக்க லாரி. தை, மாசியில பாத்தி சரி பண்ணி தண்ணி கட்டினா, வெயில் ஏற ஏற உப்பு. ஐப்பசி மழை விழுந்துட்டா கடையைக் கட்டிட வேண்டியதுதான். அந்த மழைக்கால மூணு மாசத்துக்கு உப்பளக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம்னு 2022-ல அரசாங்கம் ஆரம்பிச்சுது. ஐயாயிரத்துல மூணு மாசம் எப்படி ஓடும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. மிச்சம் எல்லாம் கடன்தான். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

தம்பிக்கு இருபத்து நாலு வயசு. பத்தாவதோட நிறுத்திட்டான். ரெண்டு பத்து சக்கர வண்டி வச்சிருக்குற ஒரு ஓனர்கிட்ட கிளீனரா சேர்ந்தான். அந்த ஓனரும் ஒரு காலத்துல கிளீனரா இருந்தவர்தான். ஒரு வண்டியை இன்னும் அவரே ஓட்டுறாரு.

லாரி டிரைவர் உருவாகுறது எப்படின்னு நம்ம ஆளுங்க நெறைய பேருக்குத் தெரியாது. எனக்கே இவன் சொல்லித்தான் தெரியும். கும்மிடிப்பூண்டியில அரசு சார்புல கனரக வாகனப் பயிற்சிப் பள்ளி இருக்கு, ஊருக்கு ஊரு டிரைவிங் ஸ்கூலும் இருக்கு. ஆனா தமிழ்நாட்டு ரோட்டுல லாரி ஓட்டுறவங்கள்ல பாதிப்பேரைக் கேட்டா, "கிளீனரா இருந்து கத்துக்கிட்டேன்"னுதான் சொல்லுவாங்க. முதல் வருஷம் ஸ்டியரிங்கைத் தொடவே முடியாது. தார்ப்பாய் போடணும், கயிறு கட்டணும், ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால தட்டி சத்தத்தை வச்சே காத்து இருக்கா இல்லையான்னு சொல்லணும். உப்பு லோடுன்னா கூடுதல் வேலை. ராத்திரிக் காத்துல உப்பு ஈரத்தை இழுத்துக்கும். எடை மேடையில ஒரு கணக்கு, இறக்குற எடத்துல வேற கணக்கு, நடுவுல சண்டை. பலகை இடுக்குல ஒழுகுற உப்புத் தண்ணி சேஸிஸை அரிச்சுத் தின்னுடும். ஒவ்வொரு லோடுக்கு அப்புறமும் நல்ல தண்ணியில கழுவி, அடியில படுத்து பழைய இஞ்சின் ஆயிலைப் பூசணும். தம்பி ரெண்டு வருஷம் படுத்திருக்கான்.

அப்புறம்தான் ஸ்டியரிங். அதுவும் உப்பளத்துக் கரை மேல. வண்டி அகலத்துக்கு மேல ரெண்டு பக்கமும் முழம் முழமாத்தான் மிச்சம் இருக்கும். ஓரம் புதையும், சரிஞ்சா பாத்தியில. அந்தக் கரையில வண்டியை ரிவர்ஸ்லயே கொண்டு போயி குவியல் பக்கத்துல நிறுத்தணும். "அங்க ரிவர்ஸ் எடுத்துக் கத்துக்குனவன் உலகத்துல எந்த சந்துலயும் எடுப்பான்"ங்கிறது ஓனரோட டயலாக். இவன் ஒருக்கா ஒரு பக்க டயரை இறக்கிட்டான். டிராக்டர் வச்சு இழுக்க ராத்திரி பத்து மணி ஆச்சு. ஓனர் திட்டவே இல்லியாம். மறுநாள் காலையில அதே கரையில அதே எடத்துல மறுபடியும் இவன் கையிலயே குடுத்திருக்காரு. லைசென்ஸுக்கு பணம் கட்டினதும் அவருதான். சரக்கு வண்டி லைசென்ஸுக்கு இருபது வயசு முடியணும், அதுக்கு முன்னாடி ஒரு வருஷமாவது கார் லைசென்ஸ் கையில இருக்கணும். ரெண்டுக்கும் ஸ்கூல் ஃபீஸ், ஆர்.டி.ஓ. ஆபீஸ் அலைச்சல் எல்லாம் அவரு செலவு. ஒரு பேப்பர்லயும் கையெழுத்து வாங்கல.

இப்ப ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கன்டெய்னர் ஓட்டுற ஒரு பெரிய கம்பெனி கூப்பிடுது. மாசச் சம்பளம், பி.எஃப்., புது டிரெய்லர். புதுசா தயாரிக்கிற கனரக வண்டிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயம்னு வந்துடுச்சு இல்லியா, அந்த மாதிரி வண்டி. உப்பு வெயில்ல மூணு வருஷம் வெந்தவனுக்கு ஏசி கேபின்னா சும்மாவா? பதினஞ்சு நாள்ல வந்து சேரணும்னுட்டாங்க.

"இன்னாண்ணா பண்ணட்டும்?"

நம்மகிட்ட கேட்டா நாம என்ன பண்ணுவோம்? எக்செல் தான். போன்லயே ஷீட்டைத் திறந்துட்டேன். கிளீனர் சம்பளமா மாசம் எவ்வளவு வாங்கினே, அதே நாள்ல கட்டட வேலைக்குப் போயிருந்தா எவ்வளவு கிடைச்சிருக்கும்? வித்தியாசத்தை முப்பத்தாறால பெருக்கு. அதுல ஓனர் உனக்காக செலவு பண்ணினதைக் கழி. மீதி லட்சத்துக்கு மேல வந்துச்சு, தம்பி பக்கம். "பாருடா, உன் டிரெயினிங்குக்கு நீயே பணம் கட்டிட்டே. மாசா மாசம், கம்மிச் சம்பளமா. நீ யாருக்கும் கடன்காரன் இல்ல."

அதோட விட்டேனா? சட்டமும் சொன்னேன். 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்குல, மூணு வருஷத்துக்கு முன்னாடி போனா 2 லட்சம்ங்கிற நிபந்தனை செல்லும்னு சொல்லிடுச்சு. ஆனா அது எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், அதுவும் பொதுத்துறை வங்கி. அமெரிக்காவுல பெரிய லாரி கம்பெனிங்க இலவசமா டிரெயினிங் குடுத்துட்டு, இத்தனை மாசம் எங்ககிட்டயே ஓட்டு, இல்லன்னா ஆயிரக்கணக்குல டாலரை எடுத்து வைன்னு எழுதி வாங்குறாங்க. அப்படி நாங்க தயார் பண்ணின டிரைவர்களை இழுத்துட்டாங்கன்னு சி.ஆர்.எஸ்.டி.ங்கிற கம்பெனி ஸ்விஃப்ட்டுங்கிற கம்பெனி மேல கேஸ் போட்டு, 2019-ல ஜூரி ஒண்ணரைக் கோடி டாலருக்கு மேல குடுக்கச் சொல்லி, 2021-ல மேல்முறையீட்டுல அது ரத்தாச்சு. "உன்கிட்ட யாரும் எதையும் எழுதி வாங்கல. அப்புறம் என்ன?"

அவன் பொறுமையா கேட்டுட்டு சொன்னான். "எழுதி வாங்கியிருந்தா காசைக் கட்டிட்டுப் போயிருப்பேன்ணா. வாங்கலையே, அதான் ரோதனை."

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு சட்டுனு பதில் வரல. நான் கெளம்பினப்ப எனக்கு இந்தத் தொல்லையே இல்ல. தேதி முடிஞ்சுது, வந்தேன். எனக்குக் கத்துக் குடுத்தவருக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லாம போனது என் அதிர்ஷ்டம். இவனுக்கு ரெண்டும் ஒரே ஆள்.

இதுல இன்னொரு முடிச்சும் இருக்கு. போன மழைக்கு சித்தி ஓனர்கிட்ட நாப்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க. லாரித் தொழில்ல அட்வான்ஸ்தான் உண்மையான பாண்டு. டிரைவர்கிட்ட அட்வான்ஸ் நிக்குற வரைக்கும் டிரைவரும் நிப்பாரு. கடனைக் காட்டி ஆளை வேலையில பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு 1976-லயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இருக்குன்னு நான் ஆரம்பிச்சதும், சித்தி அடுப்படியிலேர்ந்தே கத்துனாங்க. "அந்தாளு கேட்டானாடா உன்கிட்ட? கஞ்சி காய்ச்ச காசு குடுத்தவன்டா. அவனைப் போயி சட்டத்துல நிறுத்துறியே!" அவங்க சொன்னதும் சரி. ஆனா சட்டமும் சரிதான்னுதான் நான் இப்பவும் நினைக்கிறேன். நல்ல ஓனரா இருக்குறதால அட்வான்ஸ் கயிறு இல்லன்னு ஆயிடாது. இறுக்காம வச்சிருக்காரு, அவ்வளவுதான்.

உப்பு வண்டின்னதும் எனக்கு புறநானூறு ஞாபகம் வரும். (இஞ்சினியரிங் படிச்சவனுக்கு இதெல்லாம் எப்படின்னு கேக்காதீங்க, எங்க தமிழய்யா அப்படி.) 102-வது பாட்டு, ஔவையார் பாடினது. மாடுங்க இளசு, நுகத்தடி பழகாதது. வண்டியிலயோ பாரம் அதிகம். பள்ளத்துல இறங்கும், மேட்டுல ஏறும், எங்க என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? அதனால உப்பு விக்குற உமணர் வண்டிக்கு அடியில ஒரு சேம அச்சைக் கட்டி வச்சுக்குவாங்களாம். இந்தக் காலத்து ஸ்டெப்னி. பொகுட்டெழினிங்கிற தலைவன் அந்த சேம அச்சு மாதிரின்னு பாடுறாங்க.

எங்க ஓனர்கிட்ட சேம அச்சு கிடையாது. இன்னொரு டிரைவர் போன வருஷமே போயாச்சு. அவருக்கு மூட்டு வலி, ராத்திரி ஓட்ட முடியறதில்ல. சித்திரை, வைகாசி, ஆனிதான் லோடு குமியுற மாசம். இவன் போயிட்டா ஒரு வண்டி நிக்கும். வண்டி நின்னா டியூ நிக்காது.

நான் "போடா"ன்னுதான் சொன்னேன். இப்பவும் அதான் என் கட்சி. ஒருத்தரோட டியூவுக்கு இன்னொருத்தரோட இருபத்து நாலு வயசு பொறுப்பாக முடியாது. அவரு கஷ்டம் நிஜம், அதுக்காக இவன் பி.எஃப்.பை விட்டுக் குடுக்கணும்னு இல்ல.

நான் சென்னைக்கு வந்த மறுநாள் அவனே போயி ஓனர்கிட்ட பேசியிருக்கான். நேரா சொல்லிட்டான், இந்த மாதிரி கூப்பிடுறாங்கன்னு. அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலியாம். அப்புறம், "போவ வேண்டியவன்தான்டா நீ. நானும் ஒருத்தரை வுட்டுட்டு வந்தவன்தான். மழை வர்ற வரைக்கும் இரு. போறதுக்குள்ள ஒரு பையனைத் தேத்திக் குடுத்துட்டுப் போ"ன்னாராம்.

அட, இது நம்ம நோட்டீஸ் பீரியடும் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபரும்தானேன்னு எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. ஆனா தம்பி என்னைவிட விவரம். சரின்னு தலையாட்டிட்டு வரல. மழை வரைக்கும் இருக்குறேன், ஆனா இன்னியிலேர்ந்து முழு டிரைவர் சம்பளம், டிரைவர் பேட்டா. அட்வான்ஸை டிரிப்புக்கு இவ்வளவுன்னு கழிச்சு ஐப்பசிக்குள்ள முடிக்கணும். அதை நோட்டுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். ஓனர் முதல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாராம். மறுநாள் அவரே ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிட்டு வந்துட்டாராம். மூணு வருஷத்துல அவங்களுக்குள்ள முதல் கையெழுத்து.

டிரெய்லர் கம்பெனி காத்திருக்க மாட்டோம்னுடுச்சு. அந்த வேலை போச்சு. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. "டிரைவருக்கு எங்கண்ணா வேலை இல்லாம போவுது? ஆள் இல்லாம வண்டிதான் நின்னுக்கினு கீது"ன்னான். ஐப்பசியில அதே கம்பெனி எடுக்குமா, வேற கம்பெனியா, அப்ப என்ன சம்பளம் சொல்லுவாங்கன்னு அவனுக்கும் தெரியாது.

போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினேன். பையன் ஒருத்தன் கிடைச்சுட்டானாம். பதினெட்டு முடிஞ்சிருக்கு, பக்கத்துக் குப்பம். டயரைத் தட்டினா எல்லா டயரும் ஒரே மாதிரிதான் கேக்குதுங்கிறானாம். "நானும் அப்படித்தாண்ணா சொன்னேன்"னு சொல்லிட்டு இருக்கும்போதே அந்தப் பக்கம் குரல் ஏறிடுச்சு. "டேய்... அந்தக் கயித்தை அவுரு, அவுத்துட்டு மறுபடி கட்டு... ண்ணா, அப்பறமா கூப்புடுறேன்."