அணையாத சிவப்பு விளக்கு

தென்காசி

அன்புள்ள பேத்திக்கு,

டீசல் டிராக்டரில் பாட்டரிக்கு மின்னேற்றம் நின்றுபோனால் அது அன்றைக்கே வெளியே தெரிவதில்லை என்பதுதான் நீ கேட்டிருக்கும் பொருளின் முதல் சிக்கல். பழைய பெட்ரோல் கார்களில் தீப்பொறிக்கே மின்சாரம் தேவை என்பதால் பாட்டரி தீர்ந்ததும் வண்டி நடுவழியில் நின்று குறையைச் சொல்லிவிடும். பழைய டீசல் எஞ்சினோ, அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எண்ணெயைப் பீய்ச்சித் தானே எரியவைத்துக்கொள்வதால், ஒருமுறை ஓடத் தொடங்கிய பிறகு அதற்கு மின்சாரத்தின் தயவு வேண்டியதில்லை. நாள் முழுவதும் தென்னந்தோப்பை உழுதுவிட்டு மாலையில் ஒழுங்காகக் கொட்டகைக்குத் திரும்பும் வண்டி, மறுநாள் காலையில் சாவியைத் திருப்பும்போது மட்டும் ‘டக்’ என்ற ஒற்றை ஓசையோடு அடங்கிவிடுகிறது. பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் இரவில் அதைச் சரிவு பார்த்து நிறுத்தி, காலையில் உருட்டிவிட்டுக் கிளப்புவதற்குக் காரணம் இதுவே. பழி பெரும்பாலும் பாட்டரியின் மேல் விழுகிறது. புதிய பாட்டரி வாங்கிப் பொருத்தப்படுகிறது. சில நாட்களில் அதுவும் இறங்கிவிடுகிறது. குறை பாட்டரியில் இல்லாமல் அதற்கு ஊட்டும் ஏற்பாட்டில் இருக்கக்கூடும் என்பதை உணர, அந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அந்த வரலாற்றின் ஒரு பகுதி இங்கிலாந்தில் நீ படிக்கும் கோவென்ட்ரியிலேயே நிகழ்ந்தது. அந்நகரின் பேனர் லேன் ஆலையில் 1946 முதல் ஃபெர்குசன் டிஇ20 என்னும் சிறு டிராக்டர் செய்யப்பட்டது. பத்தாண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளியேறின. அதன் வழிவந்ததே மாஸி ஃபெர்குசன் 35. அந்த மரபைச் சென்னையில் தொடர்வதற்காக 1960இல் டாஃபே நிறுவனம் தோன்றியது. 1840இலேயே சென்னையில் வண்டி கட்டும் தொழிலைத் தொடங்கியிருந்த சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் வடிவமைப்பிலான டீசல் எஞ்சின்களைச் செய்து தந்தது. டைனமோ, செல்ஃப் மோட்டார் முதலிய மின்கருவிகளுக்கு வேர் கோவென்ட்ரிக்கு அடுத்த நகரமான பர்மிங்காமில் இருக்கிறது. அங்கே 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஜோசப் லூகாஸின் நிறுவனம், 1961இல் டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலையை நிறுவியது. முப்பத்தைந்து குதிரைத்திறன் இன்றைய கணக்கில் சிறியதுதான் என்றாலும், இருபத்தைந்து அடி இடைவெளியில் நட்ட தென்னை வரிசைகளுக்கு நடுவே திரும்புவதற்கு அந்தச் சிறுமையே வசதி. அதனால்தான் நெல்வயல்களில் பெரிய வண்டிகள் வந்த பிறகும் தோப்புகளில் இவ்வகை நிலைத்தது. பேனர் லேன் ஆலை 2002ஆம் ஆண்டோடு டிராக்டர் செய்வதை நிறுத்திவிட்டது.

டைனமோ என்பது எஞ்சினின் பெல்ட்டால் சுழற்றப்பட்டு மின்சாரம் தரும் கருவி. காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் சுழன்றால் அதில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் ஃபாரடே கண்டார். அதே விதியில்தான் 1944இல் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையமும் இயங்குகிறது. அங்கே சுழற்றுவது தாமிரபரணி, இங்கே ஒரு ரப்பர் பெல்ட். ஆனால் டைனமோவுக்குள் நிலைக்காந்தம் கிடையாது; இரும்பைச் சுற்றிய கம்பிச்சுருளான ஃபீல்டு காயிலுக்கு டைனமோ தன் மின்சாரத்திலிருந்தே ஒரு பங்கைக் கொடுத்து அதைக் காந்தமாக்கிக்கொள்கிறது. முதல் மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை, முந்தைய ஓட்டத்தில் இரும்பில் தங்கிவிட்ட சிறிதளவு காந்தம். இதை எஞ்சிய காந்தம் என்பர். அந்தத் துளி காந்தம் துளி மின்சாரத்தைத் தர, அது காந்தத்தை வளர்க்க, வளர்ந்த காந்தம் மின்சாரத்தைப் பெருக்குகிறது. 1867இல் சீமென்ஸும் வீட்ஸ்டோனும் லண்டன் ராயல் சொசைட்டியில் தனித்தனியே முன்வைத்த இந்தக் கருத்து, பொறியியலின் மிக அழகிய கருத்துகளுள் ஒன்று. பல மாதம் கொட்டகையில் முடங்கிய டிராக்டரின் டைனமோ சில வேளை ஊமையாகிவிடுவதற்கான விளக்கமும் இதற்குள்ளேயே இருக்கிறது.

டைனமோவுக்கு இரண்டு துணைகள் வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போதோ நின்றிருக்கும்போதோ டைனமோவின் மின்னழுத்தம் பாட்டரியைவிடக் குறைந்துவிடுவதால், மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து பாட்டரியைக் காலிசெய்யாதபடி தொடர்பைத் துண்டிக்கும் காந்தச் சாவிக்குக் கட்-அவுட் என்று பெயர். எஞ்சின் வேகமாக ஓடும்போது பாட்டரி கொதிக்காதபடி ஃபீல்டு காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருவது ரெகுலேட்டர். இரண்டும் ஒரே கறுப்புப் பெட்டிக்குள் அடங்கியிருப்பதால் பட்டறைகளில் அந்தப் பெட்டி முழுவதையுமே கட்-அவுட் என்று சொல்லிவிடுகிறார்கள். உதிரிபாகம் வாங்கும்போது இதனால் குழப்பம் நேர்வதுண்டு. கட்-அவுட்டின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் எஞ்சின் நின்ற பிறகும் பாட்டரி டைனமோவுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். கம்பி சுடும் வாடை வந்தால் வேறெதையும் பார்க்காமல் பாட்டரி முனையைக் கழற்றிவிடுவதே முறை.

குறை தேடுவதில் முதல் சாட்சி, டேஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கு. பலர் அதை வெறும் எச்சரிக்கை என்று கருதினாலும், உண்மையில் அது ஒரு தராசு. அதன் ஒரு பக்கம் சாவி வழியாகப் பாட்டரியோடும், மறுபக்கம் டைனமோவோடும் இணைந்திருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது பாட்டரியின் மின்சாரம் விளக்கு வழியாக டைனமோவுக்குள் புகுந்து எர்த்தான வண்டி உடலைச் சேர்வதால் விளக்கு எரிகிறது. எஞ்சின் ஓடி டைனமோவின் மின்னழுத்தம் பாட்டரிக்குச் சமமாகும்போது இரு தட்டும் நேராகி விளக்கு அணைகிறது. ஆகவே சாவியைத் திருப்பியதும் விளக்கே எரியாவிட்டால் பல்பு போயிருக்க வேண்டும், அல்லது அதன் வயர் எங்கோ அறுந்திருக்க வேண்டும். வேகம் கூட்டியும் முழு வெளிச்சத்தோடு எரிந்தால் டைனமோவிடமிருந்து எதுவும் வந்து சேரவில்லை. மங்கலாகக் கனன்றுகொண்டிருந்தால் டைனமோ வேலை செய்கிறது, ஆனால் அதற்கும் பாட்டரிக்கும் இடையே எங்கோ தடை இருக்கிறது. எஞ்சின் மிக மெதுவாக ஓடும்போது மட்டும் விளக்கு சிமிட்டுவது குறையே அன்று. டைனமோவின் இயல்பே அது.

அடுத்து நோக்க வேண்டியது எர்த். மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் பாதை வயர் அன்று, வண்டியின் இரும்பு உடலே. அந்த உடலைப் பாட்டரியோடு இணைக்கும் பின்னல் பட்டையின் அடியில் துருவோ பெயிண்டோ இருந்தால் மற்ற அனைத்தும் சரியாக இருந்தும் பயனில்லை. இந்தக் குறையில் ஊருக்கும் பங்குண்டு. ஆரியங்காவு கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழையும் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலம், செங்கோட்டை, இலஞ்சிப் பக்கம் சாரல் ஓயாது; திறந்த கொட்டகையில் நிற்கும் வண்டியின் செம்பு முனைகளில் பச்சைப் பூப்பு பூத்துவிடுகிறது. அதே மாவட்டத்தில் கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் மலையின் மழை மறைவு என்பதால், அங்கே பாட்டரியின் தண்ணீர் வற்றித் தகடுகள் வெளியே தெரிவதுதான் வழக்கமான குறை. அருவிக்கரைக் குறையையும் வறண்ட காட்டுக் குறையையும் ஒன்றாகக் கருதி ஒரே மருந்து தருவது தவறு. எர்த்தைச் சோதிக்க, முகப்பு விளக்குகளைப் போட்டு எஞ்சினை மிதமாக ஓடவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் குமிழிலும் மற்றதை டைனமோவின் வெற்றுடலிலும் வைக்க வேண்டும். ஏறத்தாழச் சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் அரை வோல்ட் காட்டினால் பட்டையைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் நேரம் வந்துவிட்டது.

எர்த்தும் பெல்ட்டும் சரியாக இருந்து விளக்கு அணையவில்லை என்றால்தான் டைனமோவைச் சந்தேகிக்கலாம். அப்போதும் அதைக் கழற்ற வேண்டியதில்லை. லூகாஸ் வகை டைனமோவில் டி என்னும் பெரிய முனையும் எஃப் என்னும் சிறிய முனையும் உண்டு. டி மின்சாரம் வெளிவரும் வாய். எஃப் ஃபீல்டு காயிலுக்குச் செல்லும் வாய். இரண்டிலும் உள்ள வயர்களைக் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, மீட்டரின் ஒரு முனையை அந்தக் கம்பியிலும் மறுமுனையை டைனமோவின் உடலிலும் வைத்து எஞ்சினை மெதுவாக முடுக்க வேண்டும். அளவு விரைந்து ஏறி இருபது வோல்ட்டைத் தொட்டால் டைனமோ நலம். அதற்கு மேல் முடுக்கக் கூடாது. அரை முதல் ஒரு வோல்ட்டோடு நின்றால் எஞ்சிய காந்தம் மட்டும் வேலை செய்கிறது, ஃபீல்டு காயிலில் பழுது. நான்கைந்து வோல்ட்டில் நின்றால் சுழலும் பகுதியான ஆர்மேச்சரில் பழுது. எதுவுமே காட்டாவிட்டால், ஆர்மேச்சரைத் தொட்டு மின்சாரத்தை வெளியே எடுக்கும் கார்பனை முதலில் பார்க்க வேண்டும். சக்கையும் உமித்தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகி, கார்பன் தன் கூட்டுக்குள் சிக்கிக்கொண்டிருப்பது தோப்பு வண்டிகளில் மிகச் சாதாரணம். பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்ததும் உயிர் பெற்ற டைனமோக்கள் ஏராளம்.

கார்பனும் சரியாக இருந்தால், காந்தம் மறந்துபோன டைனமோவுக்கு அதை நினைவூட்ட வேண்டும். எஃப் முனையின் வயரைக் கழற்றி, பாட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து எஃப் முனையில் ஓரிரு நொடி தொட்டு எடுத்தால் போதும். இங்கே ஒரு கவனம் தேவை: டிஇ20 முதலான பழைய ஆங்கில வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே எர்த், இன்றைய வழக்கம் இதற்கு நேர்மாறு. பாட்டரி மாற்றியவர் பழக்கத்தில் முனைகளைத் திருப்பி மாட்டியிருந்தால் டைனமோவுக்கும் பாட்டரிக்கும் திசை முரண்பட்டுவிடும்.

இத்தனை தொல்லைக்கு ஆல்டர்னேட்டர் பொருத்திவிடலாமே என்பது இன்றைய பட்டறைகளில் கேட்கும் பொதுவான அறிவுரை. ஆல்டர்னேட்டரில் காந்தம் சுழல, மின்சாரம் தரும் சுருள் அசையாமல் நிற்கிறது. சிலிக்கான் டையோடுகள் ஒருவழிக் கதவாக இருப்பதால் கட்-அவுட்டே தேவையில்லை. மெதுவான ஓட்டத்திலும் மின்னேற்றம் உண்டு. 1960களில் கார்கள் அதற்கு மாறியதில் நியாயம் இருக்கிறது. இரவு உழவுக்கு நான்கு விளக்கு எரிய வேண்டிய வண்டிக்கு அதுவே தக்கது. ஆனால் பருவத்துக்குச் சில நாள் தோப்பு உழும் வண்டிக்குப் பழைய டைனமோவே தாராளம். ஸ்க்ரூடிரைவரும் உப்புத்தாளும் கொண்டு பிரித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய கருவியைக் குறை என்னவென்று அறியாமலே பழைய இரும்புக்குப் போடுவது அறியாமை. நேர்முனை எர்த் உள்ள வண்டியில் பாட்டரியைத் திருப்பாமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் டையோடுகள் நொடியில் கருகிவிடும் என்பதையும் பலர் சொல்வதில்லை.

நம் கொட்டகையில் நிற்கும் வண்டியில் விளக்கு இப்போது மங்கலாகக் கனல்கிறது, முழுதாக எரியவில்லை. அதன் பொருள் என்ன என்பது மேலே சொல்லப்பட்டிருக்கிறது. ஆடிச் சாரலுக்கு நீ வரும்போது ஒரு நல்ல மீட்டரும், அங்கே பழைய டிராக்டர் உதிரிபாகக் கடையில் கிடைத்தால் சி40 வகை டைனமோவுக்கு உரிய கார்பன் ஒரு ஜோடியும் கொண்டு வா. அதுவரை யாரும் அந்த டைனமோவைக் கழற்ற மாட்டார்கள்.

அன்புடன்,
தாத்தா