இறங்கிக் காட்டச் சொல்லுங்கள்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்னை இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மரம் இருக்கிறது, காய் இருக்கிறது. ஏறத்தான் ஆள் இல்லை. 45 நாளுக்கு ஒருமுறை வெட்ட வேண்டிய காய் மூன்று மாதமாகியும் மரத்திலேயே காய்ந்துகிடக்கிறது. எப்போது யார் தலையில் விழுமோ என்று முற்றத்தில் குழந்தைகளை விளையாட விடவே பயமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் முப்பது வருடமாகத் தேங்காய் வெட்டிய அண்ணாச்சி, காலில் ஒரு தளையை மாட்டிக்கொண்டு மளமளவென்று ஏறிவிடுவார். போன வருடம், "முட்டு தேஞ்சு போச்சு பிள்ளே, இனி நம்மளால ஏலாது" என்று சொல்லிவிட்டார். அதற்குள் என் கணவர் மரம் ஏறும் மெஷின் வீடியோக்களாகப் பார்த்து, "வாங்கிப் போட்டா நானே ஏறிருவேன்" என்று கிளம்பிவிட்டார். அவருக்கு வயது 52. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நல்லவேளையாக அண்ணாச்சியின் மகள் இருந்தாள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டத்தில் ஆறு நாள் பயிற்சி எடுத்தவள். மெஷினில் ஏறித்தான் குடும்பத்தை நடத்துகிறாள். அவளிடம் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "எது வேகமா ஏறும்?"

அவள் சிரித்தாள். "மாமா, மேல போறது பெரிய காரியமில்ல. பாதியில சிக்கி நிண்ணா எப்படி இறங்குவிய? அதப் பாத்து வாங்குங்க."

மெஷினில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று நின்று ஏறுவது. கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த அப்பச்சன் என்கிற எம்.ஜே.ஜோசப் உருவாக்கியது, பரவலாகப் புழங்குவதும் இதுதான். ஒவ்வொரு காலுக்கும் ஒரு சட்டம், அதிலிருந்து மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் ஒரு கம்பி வடம். காலை ஊன்றினால் வடம் இறுகும், தூக்கினால் தளரும். மலையேறுபவர்கள் கயிற்றில் போடும் புரூசிக் முடிச்சும் இதே தத்துவம்தான். ஆஸ்திரியாவின் கார்ல் புரூசிக் அதை 1931-ல் விளக்கினார். பாரம் விழுந்தால் பிடிக்கும், பாரம் போனால் விடும்.

இந்த வகை வேகமானது. ஆனால் கை நழுவினால் உடம்பு பின்பக்கம் சாயும். கால் மெஷினிலேயே மாட்டிக்கொள்ளும். இப்படித் தலைகீழாகத் தொங்கியவர்களைத் தீயணைப்புத் துறையினர் இறக்கியதாகக் கேரளத்திலிருந்து அடிக்கடி செய்தி வரும். அதற்காகத்தான் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மெஷினுக்கென்று ஒரு பாதுகாப்பு இணைப்பை உருவாக்கியது.

இரண்டாவது, உட்கார்ந்து ஏறுவது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இப்படி ஒன்றை வடிவமைத்திருக்கிறது. மேல் சட்டத்தில் உட்கார்ந்து, கீழ்ச் சட்டத்தைக் காலால் தூக்க வேண்டும். பிறகு அதில் நின்று, மேல் சட்டத்தைக் கையால் உயர்த்த வேண்டும். கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். ஆனால் மேலே போய் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். மூச்சு வாங்கினால் வழியில் உட்காரலாம். புதிதாக ஏறுபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதுதான் நல்லது என்றாள்.

எந்த வகையானாலும் மெஷினோடு சேராத தனி பெல்ட் ஒன்று இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றி இருக்க வேண்டும். மெஷின் கைவிட்டாலும் பெல்ட் பிடிக்கும்.

அவள் எங்கள் முற்றத்திலேயே ஒரு பாடமும் எடுத்தாள். மெஷின் வழுக்குகிறதென்றால் வடத்தின் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மரம் மேலே போகப் போக மெலியும். அடியில் சரியாக இருக்கும் வடம் உச்சியில் தொளதொளக்கும், மிதிபடி சரியும். அடுத்து, மரத்தில் பதியும் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் நன்றாக இருந்தும் வழுக்கினால் மரத்தில் பாசியோ ஈரமோ இருக்கும். அன்றைக்கு ஏறவே கூடாது. நகராமல் சிக்கிக்கொள்கிறதென்றால் இரண்டு சட்டங்களும் ஒன்றோடொன்று உரசுகிறதா, வடம் பழைய மட்டைத் தழும்பில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடத்தைத் துணியால் உருவிப் பார்த்து, ஓர் இழை அறுந்து குத்தினாலும் வடத்தையே மாற்றிவிட வேண்டும். டேப் சுற்றி ஓட்டக் கூடாது.

"மெஷினப் பாத்தா போதுமா? மரத்தப் பாக்காண்டாமா?" என்று திண்ணையிலிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். அடிமரத்தில் ஓட்டை இருந்து செம்பழுப்பு நீர் வடிந்தால் உள்ளே சிவப்புக் கூன்வண்டு தின்றிருக்கும். மரம் ஆளைத் தாங்காது. கொண்டையில் கடந்தல் கூடு இருக்கிறதா, ஓலை கரண்டுக் கம்பியில் படுகிறதா என்பதையெல்லாம் தரையில் நின்றே பார்த்துவிட வேண்டும். ஒரு மெஷின்கூட இதைச் சொல்லித்தராது.

உட்கார்ந்து ஏறும் மெஷினே வாங்கினோம். அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: ஒரு வாரம் பத்தடிக்கு மேல் போகக் கூடாது, ஏறுவதும் நிற்பதும் இறங்குவதும் மட்டும்தான் பழக வேண்டும், கீழே எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஏழாவது நாள் என் கணவரே, "பின்பக்கம் நிக்க ரெண்டு குட்டை மரம் எனக்குப் போதும். மத்ததுக்கெல்லாம் பிள்ளையைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டார். இப்போது 45 நாளுக்கு ஒருமுறை அவள் வருகிறாள். கூலியில் நான் பேரம் பேசுவதில்லை.

ஏறத் துணிபவர்கள் வாரியத்தின் பயிற்சியைப் பற்றி விசாரியுங்கள். பயிற்சி முடித்தவர்களுக்குக் 'கேர சுரக்ஷா' விபத்துக் காப்பீடும் இருக்கிறது. உங்கள் வீட்டில் மரம் ஏறுபவரிடம் அந்தக் காப்பீடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் எடுக்க உதவுங்கள். மெஷின் வாங்கப் போனால், கடைக்காரர் வேகமாக ஏறிக் காட்டுவார். பாதியில் நிற்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் விடச் சொல்லுங்கள். பிறகு இறங்கிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கப்புறம் பணத்தை எடுத்தால் போதும்.