சத்தமாகப் பேசச் சொன்னோம்

2020 இல் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது வீட்டுக்குப் போன பிள்ளை. வீசிங் இருந்ததால் திறந்த பிறகும் அனுப்பவில்லை. மூன்று வருடங்கள் உம்மாதான் படிப்பித்தார். தரம் 6 இல் எம்மிடம் வந்தான்.

தமிழ்மொழித் தினப் போட்டி நாடகத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. அவனைச் சேர்த்தோம். கடைக்காரரிடம் அரிசி கடன் கேட்கும் சிறுவன். நான்கே வசனங்கள்.

மற்றப் பிள்ளைகள் நாம் பழக்கியபடி சபையைப் பார்த்து உரத்துச் சொன்னார்கள். இவன் கடைக்காரரின் முகத்தைப் பார்த்து, மெதுவாக, மெய்யாகவே கடன் கேட்பவன்போல் கேட்டான்.

"சத்தம் போதாது, சபையைப் பாருங்க மகன்" என்றோம்.

"கடன் இவர்ட்டதானே கேக்கன் சேர், அங்க பாத்து ஏன் கத்தணும்?"

சிரித்தோம். ஆனால் விடவில்லை. நடுவர்கள் குரலுக்கும் புள்ளி போடுவார்களே. இரண்டு வாரத்தில் "திருத்தி" விட்டோம்.

வலயத்தில் இரண்டாமிடம், அல்ஹம்துலில்லாஹ். அவனும் கணீரென்று பேசினான்.

வெளியே வந்த உம்மா சொன்னார்: "நல்லாச் செஞ்சான் சேர். வீட்ட சொல்லிக் காட்டக்குள்ள எனக்கு அழுகை வந்த. இன்டைக்கு வரல்ல."

எமக்குப் பதில் இருக்கவில்லை.

வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு என்னென்ன தெரியாது என்றுதான் கணக்குப் பார்த்தோம். அவன் கொண்டுவந்ததைப் பார்க்கவில்லை.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை பிள்ளையைக் கத்தச் சொல்லமாட்டோம். மைக்கைத்தான் பக்கத்தில் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.